காரோடு கூட வரும் வரி

புங்குடுதீவிலும் வேலணையிலும் பிறந்து ரொறன்ரோவில் வேர்விட்ட பிள்ளைகள் ஊரில் ஒரு பழைய கார் வாங்க வெளிக்கிட்டால், "எத்தனை வீதம் விற்பனை வரி?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்பதில் பிழையில்லை. ஒன்ராறியோவில் தனி ஆளிடம் பழைய கார் வாங்கினாலும் 13 வீதம் கட்டவேண்டும். ஐயாயிரம் டொலர் காரை ஆயிரம் என்று எழுதித் தப்பவும் ஏலாது. பேசிய விலை, 'ரெட் புக்' என்ற விலைப் பட்டியலின் மதிப்பு, இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் வரி. தகப்பன் பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் விலக்கு உண்டு.

இங்கே இலங்கையில் அயலவரிடம் கார் வாங்கும்போது அப்படி வீதக் கணக்கு ஒன்றும் குறுக்கே வராது. அதைக் கேட்டு மகிழ்கிறவர்களுக்கு விலையைச் சொன்னதும் முகம் சுருங்கிவிடும். வரியைக் காரை இறக்குமதி செய்த முதல் ஆள் துறைமுகத்திலேயே கட்டிவிட்டான். அது விலைக்குள் இருக்கிறது. சுங்கவரி, அதற்கொரு மேல்வரி, எஞ்சினின் அளவுக்கேற்ற உற்பத்தி வரி, எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் 18 வீத வற். வரிக்கும் வரி! 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றபோது, ஓடித் தேய்ந்த காரும் வாங்கிய விலையைவிடக் கூடப் போனது. 2025இல் கதவு திறந்தது, வரி குறையவில்லை. "பழசுதானே" என்று பேரம் பேசிப் பயனில்லை.

விலை பேசத் தெரிந்த எங்கள் ஆட்களுக்குப் பத்திரம் பார்க்கிற பழக்கம் குறைவு. யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது ஓஸ்ரின் ஏ-40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். அன்றைக்குக் கார் ஸ்ராட் ஆகுமா என்பதுதான் கேள்வி. பதிவுப் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க யாருக்கு நேரம்? காலம் மாறியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கடற்காற்றில் அடித்தட்டு கறள் பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறவர், முன்கண்ணாடியின் இடது மூலையை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அங்கே ஒட்டியிருக்கிற வருமான அனுமதிப்பத்திரத்தில் முடிவுத் திகதி இருக்கும். அதை வாசியுங்கள். வருடாவருடம் காப்புறுதியும் புகைச் சான்றிதழும் காட்டிப் பிரதேச செயலகத்தில் புதுப்பிக்க வேண்டியது அது. குறிகாட்டுவானில் படகேற்றி நெடுந்தீவுக்குக் கொண்டுபோன மோட்டார் சைக்கிளை அங்கே யார் மறிக்கப் போகிறார்கள் என்று புதுப்பிக்காமல் விடுகிறவர்கள் உண்டு. பாவனையில் இல்லை என்று செயலகத்துக்கு முறைப்படி அறிவித்திருக்கவும் மாட்டார்கள். பிறகு அதை யாழ்ப்பாணத்தில் வாங்குகிறவன் தலையில்தான் நிலுவையும் தண்டமும் விழும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் 'ஓப்பன் பேப்பர்'. பெயர் மாற்றப் பத்திரத்தில் விற்றவர் கையெழுத்து இருக்கும், வாங்கியவர் பெயர் வெறுமையாக இருக்கும். பெயர் மாற்றக் கட்டணம் மிச்சம் என்று தரகர் சொல்லுவார். அப்படியே மூன்று நாலு கை மாறும். வழியில் விபத்து நடந்தால் பொலிஸ் தேடிப் போவது புத்தகத்தில் பெயர் உள்ளவரின் வீட்டுக்கு. அவர் விற்ற காசைச் செலவழித்து எத்தனையோ வருடமாகியிருக்கும். லீசிங் காசு கட்டி முடியாத கார் என்றால் உண்மையான உரிமை கம்பனியிடம். வாங்கியவர் கையில் திறப்பு மட்டும்தான் இருக்கும்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஓப்பன் பேப்பரில் ஒரு லட்சம் குறைத்துத் தந்தாலும் வேண்டாம். புத்தகத்திலுள்ள சேசிஸ் நம்பரைக் காரில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள், லீசிங் முடிந்த கடிதத்தைக் கேளுங்கள், முழுக் காசையும் எண்ணிக் கொடுக்குமுன் பெயர் மாற்றப் பத்திரங்களில் இருவரும் கையெழுத்திடுங்கள். கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம்.