சிவப்பு மைக் கணக்கு

சென்னை கோட்டூர்புரம், அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்கான பகுதி. பிற்பகல் மூன்று மணி இருக்கும். காலி நாற்காலி ஒன்றுகூட இல்லை.

என் எதிரே ஒரு பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயது சொல்லலாம். பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தின் மேல் தலை கவிழ்ந்து தூங்குகிறாள். பட்டம் வாங்கியவர்களையும் ஆறாம் வகுப்புப் பாடத்திலிருந்து மறுபடி தொடங்க வைக்கும் அரசு வேலைத் தேர்வு, குரூப் 4. மூன்று மணி நேரம், 200 கேள்விகள், 300 மதிப்பெண்.

திடுக்கிட்டு எழுகிறாள். கைபேசியில் மணி பார்க்கிறாள். யாராவது கவனித்தார்களா என்று சுற்றிலும் பார்க்கிறாள். நான் குனிந்துகொள்கிறேன். அவள் கன்னத்தில் புத்தக விளிம்பின் தடம்.

பையிலிருந்து நீள நோட்டு ஒன்று வெளியே வருகிறது. நீல மையில் வரிசையாக நேரக் கணக்கு: அரசியலமைப்பு 1 மணி 10 நிமிடம், தனிவட்டி 50 நிமிடம். இப்போது பேனாவை மாற்றுகிறாள். சிவப்பு மையில் எழுதுகிறாள்: 'தூக்கம் 40 நிமிடம், வீண்.' அதற்கு மேலே முன்பே இரண்டு சிவப்பு வரிகள். ஒன்று பஸ். மற்றது சாப்பாடு.

கைபேசி அதிர்கிறது. எழுந்து வெளியே ஓடுகிறாள். தண்ணீர் குடிக்கப் போன என் காதிலும் விழுகிறது.

"ஆமாப்பா, படிச்சிட்டுத்தான் இருக்கேன்... காலையில உக்காந்தது, எந்திரிக்கவே இல்லப்பா... இந்தத் தடவ கண்டிப்பாப்பா."

பேச்சு முடிந்தும் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நிற்கிறாள். உள்ளிருந்து இன்னொரு பெண் வருகிறாள். நாலைந்து வயது மூத்தவள்.

"வா, டீ குடிச்சிட்டு வரலாம்."

"வேணாங்க்கா. இன்னைக்கு அஞ்சு மணி நேரம்கூட ஆகல. நடுவுல நாப்பது நிமிஷம் தூங்கிட்டேன்."

திருடியதை ஒப்புக்கொள்பவளின் குரல்.

"நேத்து எத்தன மணிக்குப் படுத்தே?"

"ரெண்டு இருக்கும்."

"எந்திரிச்சது?"

"அஞ்சு."

"அப்ப அது வீண் இல்லடி. உன் ஒடம்பு பாக்கி வசூல் பண்ணிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அக்கா கையைப் பிடித்து இழுத்ததும் போகிறாள், மனசில்லாமல்.

2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பில் சொன்ன இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்துக்கு 300 பேருக்கும் அதிகம். அத்தனை பேரும் இமை மூடாமல் படித்திருந்தாலும் இடங்கள் கூடியிருக்காது. லட்சக்கணக்கானவர்கள் வெளியேதான் நின்றிருப்பார்கள். அந்த நோட்டில் இந்தக் கணக்குக்கு வரி இல்லை. வேலை போதாத ஒரு நாட்டின் பற்றாக்குறை முழுவதும், ஒரு பெண்ணின் நாற்பது நிமிடத் தூக்கத்தின் மேல் சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது.

உழைப்பு வேண்டாமென்று யார் சொல்வார்கள்? படித்தால்தான் வாய்ப்பு. ஆனால் குற்ற உணர்வு அவளுக்காக ஒரு பக்கம்கூடப் படித்துத் தராது. தூங்குவதற்கு முன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் ஒரே பக்கம். கண் வரியில், விரல் கைபேசிக் கடிகாரத்தில். படித்தது மனதில் நிலைக்கத் தூக்கம் வேண்டும் என்பது உடல் அறிந்த உண்மை. அதையே அவள் குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டாள்.

இருவரும் திரும்பி வருகிறார்கள். டீயோடு ஏதோ சாப்பிட்டிருக்கிறாள். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. புத்தகத்தை எடுத்ததும் பக்கங்கள் புரளத் தொடங்குகின்றன. இந்த முறை கைபேசி பைக்குள் இருக்கிறது.

இவளைப் போன்ற பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்று எவ்வளவு நேரம் படித்தாய் என்று கேட்க வேண்டாம். நீங்கள் கேட்காவிட்டாலும் அந்தக் கணக்கை அவர்களே எழுதுகிறார்கள், உங்களைவிடக் கறாராக. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். தேர்வு எப்படிப் போனாலும் இது உன் வீடுதான் என்று முடிவு வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் அது ஆறுதலாகிவிடும். இப்போது சொன்னால் பலமாக இருக்கும்.