ஹாம்ப்டனை ஒட்டிய சின்ன மைதானம்

அன்புள்ள கயல்,

கிளாஸ்கோவில் மவுண்ட் புளோரிடா பகுதியில் அறை கிடைத்துவிட்டதாக அண்ணன் சொன்னார். ஹாம்ப்டன் பார்க்கை ஒட்டி ஒரு சின்ன மைதானம் இருக்கிறதே, அது யாருடையது என்று கேட்டிருந்தாய். குயின்ஸ் பார்க் கிளப்புடையது. அந்தப் பெரிய அரங்கமும் 2020 வரை அவர்களுடையதுதான்.

1867-இல் தொடங்கிய கிளப் அது; ஸ்காட்லாந்தில் அதைவிடப் பழைய கால்பந்து கிளப் இல்லை. விளையாடுவதற்காகவே விளையாடுவது என்பது அவர்கள் கொள்கை. அன்றெல்லாம் ஆடுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. 1872-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையில் அரையிறுதி ஆட லண்டன் போனார்கள். ஆட்டம் டிரா. மறு ஆட்டத்துக்கு அங்கே தங்கக் காசில்லாமல் விலகி ஊர் திரும்பினார்கள்.

அதே வருஷம் நவம்பர் 30-இல்தான் உலகின் முதல் சர்வதேசக் கால்பந்து ஆட்டம் நடந்தது. உன் பல்கலைக்கழகத்திலிருந்து நடந்தே போகலாம், பார்ட்டிக்கில் ஹாமில்டன் கிரசென்ட் கிரிக்கெட் மைதானம். இங்கிலாந்துக்கு எதிராக ஸ்காட்லாந்துக்காக இறங்கிய பதினொரு பேரும் குயின்ஸ் பார்க் ஆட்கள். அப்போதெல்லாம் பந்து கிடைத்தவன் தலையைக் குனிந்துகொண்டு தனியாகவே உருட்டிக்கொண்டு ஓடுவான். அதுதான் இங்கிலாந்துக்காரர்களின் ஆட்டம். இவர்கள் அவர்களைவிட எடை குறைந்தவர்கள், முட்டி மோதினால் தாங்காது. அதனால் பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து ஆடினார்கள். கோல் எதுவும் விழவில்லை. ஆனால் இன்று உலகம் முழுக்க ஆடுகிற பாஸ் ஆட்டத்தை வளர்த்ததில் இந்தக் கிளப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

உனக்கு இன்னொரு சொந்தமும் இருக்கிறது. ஆண்ட்ரூ வாட்சன் உன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பிரிட்டிஷ் கயானாவில் பிறந்தவர். தாய் கறுப்பினப் பெண், தந்தை ஸ்காட்லாந்துக்காரர், பணக்காரர். குயின்ஸ் பார்க்கில் ஆடியதோடு கிளப் செயலாளராகவும் இருந்தார். 1881-இல் ஸ்காட்லாந்துக்குத் தலைவராகி, லண்டனிலேயே இங்கிலாந்தை 6-1 என்று வென்றார். அதற்குமுன் எந்தக் கறுப்பினத்தவரும் சர்வதேசக் கால்பந்து ஆடியதில்லை.

வாட்சனுக்குத் தந்தை விட்டுப்போன சொத்து இருந்தது, சம்பளம் இல்லாமல் ஆட முடிந்தது. ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்தவனுக்கு அது கட்டுப்படியாகுமா? அமெச்சூர் என்றதும் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எனக்கு அவ்வளவு மரியாதை வருவதில்லை. 1890-இல் ஸ்காட்டிஷ் லீக் தொடங்கியபோது, இது காசு ஆட்டத்தில் போய் முடியும் என்று குயின்ஸ் பார்க் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். கணிப்பு சரிதான், மூன்றே வருஷத்தில் அங்கே சம்பளம் சட்டப்படி வந்துவிட்டது. ஸ்காட்டிஷ் கோப்பையைப் பத்து முறை வென்றவர்கள், கடைசியாக வென்றது அந்த 1893-இல். 1900-இல் வேறு வழியில்லாமல் லீகில் சேர்ந்தார்கள்.

ஆனால் கெத்து குறையவில்லை. 1903-இல் இப்போதைய ஹாம்ப்டனைத் திறந்தார்கள். 1937-இல் ஸ்காட்லாந்து-இங்கிலாந்து ஆட்டத்துக்கு அங்கே 1,49,415 பேர் கூடினார்கள். பிற்காலத்தில் ஐம்பதாயிரம் இருக்கைக்கு நடுவே சில நூறு பேர் உட்கார்ந்து குயின்ஸ் பார்க் ஆட்டத்தைப் பார்த்ததும் அங்கேதான். நல்ல பையன் ஒருவன் தேறினால் நிறுத்திவைக்க ஒப்பந்தம் கிடையாது, கிளம்பிவிடுவான். அலெக்ஸ் ஃபெர்குசன் ஆட்டத்தைத் தொடங்கியது இங்கே. ஆண்டி ராபர்ட்சன் 2013-இல் இங்கிருந்து போனவர், பிறகு லிவர்பூலில் ஆடினார், ஸ்காட்லாந்து அணித்தலைவரும் ஆனார்.

2019 நவம்பரில் உறுப்பினர்கள் வாக்களித்து அமெச்சூர் விதியை எடுத்துவிட்டார்கள். அரங்கத்தை 50 லட்சம் பவுண்டுக்கு ஸ்காட்டிஷ் கால்பந்துச் சங்கத்துக்கு விற்று, பக்கத்துச் சின்ன மைதானத்தை மட்டும் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். பழைய ஆட்கள் வருந்தியிருப்பார்கள். நான் வருந்தவில்லை. 2025 பிப்ரவரியில் கோப்பை ஆட்டத்துக்கு ரேஞ்சர்ஸின் மைதானமான ஐப்ராக்ஸுக்கே போய் அவர்களை 1-0 என்று சாய்த்துவிட்டு வந்தார்கள். உன் அறைத்தோழி ரேஞ்சர்ஸ் கட்சியாக இருந்தால் இந்தப் பேச்சையே எடுக்காதே.

அன்புடன்,
சித்தப்பா