தீக்குச்சி மனிதன்

ஆடி மாதத்தில் கூடலூர் மழைக்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. அப்படிப்பட்ட ஒரு நாளில் நான் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் தீக்குச்சிகளால் மனித உருவம் ஒன்று செய்து, அதன் காலைச் சற்றே நகர்த்துவதும், கண்ணை மூடித் திறப்பதுமாக இருந்தான். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகன். கணக்கில் மந்தம் என்று நான் முடிவு கட்டியிருந்தவன். கோபத்தில் அவ்வுருவத்தைக் கையால் கலைத்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் குச்சிகளைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. தாதாசாகேப் பால்கேயின் ஞாபகம் வந்தது. 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா'வை எடுத்து நம் தேசத்துச் சினிமாவுக்கு வித்திட்டவர் என்று அவரை யாவரும் அறிவர். உண்மையிலேயே அவர் முதலில் ஊன்றியது ஒரு விதைதான். 1912-ல் லண்டன் சென்று காமிரா வாங்கி வந்தவருக்குப் பணம் போட ஆள் அகப்படவில்லை. தொட்டியில் பட்டாணி விதையை ஊன்றி, எதிரே காமிராவை நிறுத்தி, ஒரு மாதத்துக்கு மேலாக ஒவ்வொரு படமாகப் பிடித்தார். விதை முளைத்துச் செடியாவதைத் திரையில் சுமார் ஒரு நிமிஷத்தில் கண்டவர்கள் அதிசயித்தார்கள். பணம் கொடுக்க ஒருவர் முன்வந்தார். மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் ஈடாகப் போயின.

செடியாவது தானே வளரும். 1915-ல் உயிரற்ற தீக்குச்சிகளையே அவர் இம்முறையில் ஆட வைத்தார். 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்' என்பது அப்படத்தின் பெயர். தீக்குச்சிகளின் வேடிக்கை என்று பொருள். இன்று அதன் பிரதி நமக்குக் கிடைக்காமற் போயிற்று. வினாடிக்கு 16 படம் என்று கொண்டால் நிமிஷத்துக்கு 960 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் குச்சியை மயிரிழை நகர்த்த வேண்டும். எத்தனை பொறுமை வேண்டும்! என் பையன் தன் கண்ணையே காமிராவாக்கி அதைத்தான் செய்துகொண்டிருந்தான்.

மறுநாள் அவனைத் தனியே அழைத்து, "தம்பி, நேற்று நான் செய்தது தப்பு" என்று சொல்லி, என் கைபேசியைக் கொடுத்தேன். நான்கு நாள் மத்தியான இடைவேளைகளில் அவன் 120 படங்கள் பிடித்தான்.

"வினாடிக்கு 12 படம் ஸார். ஓர் அடி வைக்கக் கால் வினாடி, அதற்கு மூன்று படம்" என்றான். பின்னக் கணக்கு அவனுக்கு வராது என்று சொன்னவன் நான்!

நடுவில், "ஸார், உங்கள் கை கொஞ்சம் வேண்டும்" என்று தயங்கிக் கேட்டான். கொடுத்தேன்.

வகுப்பில் படம் ஓடிற்று. குச்சி மனிதன் நடந்து வருகிறான். பெரிய கை ஒன்று வந்து கலைக்கிறது. சிதறிய குச்சிகள் மெல்ல மெல்லக் கூடி எழுந்து நிற்கின்றன. பிள்ளைகள் கைதட்டினார்கள். கலைக்க என் கைக்கு ஆறு படம் போதுமாயிருந்தது. திரும்ப எழுப்ப அவனுக்கு அறுபது படம் ஆயிற்று.