எடைக் கணக்கு

இந்தப் பத்திரிகையில் இதுவரை நான் எழுதியவை சில கவிதைகளும் இரண்டு மூன்று மதிப்புரைகளும்தான். இப்போது எழுத உட்கார்ந்திருப்பது என் உடல் எடையைப் பற்றி. நம் வட்டத்தில் மரணத்தைப் பற்றி எழுதலாம், காமத்தைப் பற்றி எழுதலாம். பருமனைப் பற்றி எழுதினால் ஹாஸ்யக் கட்டுரையாகிவிடும் என்று ஒரு பயம் இருக்கிறது. இதை இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், எழுதினால் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த எண் விஷயத்தில் நான் இரண்டு வருடங்கள் பொய் சொல்லியிருக்கிறேன்.

கெங்கவல்லிக்குப் பக்கத்தில் ஒரு சேகோ மில்லில் கணக்கு எழுதுகிறேன். குச்சிக்கிழங்கு வண்டி வந்தால் எடை பார்த்து, மாவு எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, சீட்டு எழுதிக் கொடுப்பது என் வேலை. கிழங்குக்கு எடை மட்டும் போதாது. அதிலிருக்கும் மாவுச்சத்துக்குத்தான் விலை. 28 பாயிண்ட் எதிர்பார்த்து வருகிற விவசாயியிடம் 24 என்று சொன்னால், அவர் முதலில் மெஷினைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், கடைசியில் கிழங்கைப் பார்ப்பார். "பத்து மாசம் பாத்துப் பாத்து வளத்தேனுங்க, எங்க போச்சு?" என்பார். மழை, மண், ரகம், பிடுங்கிய நாள் என்று ஏதாவது சொல்லி வைப்பேன். அவருடைய கேள்விக்கு அது பதிலல்ல என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

2019 தை மாதம் எனக்கு ஆபரேஷன் நடந்தது. அப்போது வயது 44, உயரம் 170 செ.மீ., எடை 138 கிலோ. வீட்டிலிருந்த மெஷின் 120க்கு மேல் காட்டாது. மில்லில் மூட்டை நிறுக்கும் தராசில், ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் ஏறி நின்று பார்த்த எண் அது. சர்க்கரைக்கு இரண்டு மாத்திரைகளும் இன்சுலினும். மாடிப்படி ஏறினால் முழங்கால் பேசும். இவற்றையெல்லாம்விட மோசம் ராத்திரி. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்றுவிடும். பக்கத்தில் படுத்திருக்கும் என் மனைவி, குறட்டைச் சத்தம் நின்றதும் எழுந்து என் தோளைப் பிடித்து உலுக்குவாள். நான் ஒரு பெரிய மூச்சு இழுத்துவிட்டு மறுபடி தூங்கிப்போவேன். அவள் தூங்கமாட்டாள். இது ஏழெட்டு வருடங்கள் நடந்தது.

ஆபரேஷன் செலவுக்காக அப்பா வைத்துவிட்டுப் போன நிலத்தில் 40 சென்ட் விற்றேன். "வயித்த அறுக்கறதுக்கு நெலத்த அறுக்கறியாடா சாமி" என்றாள் அம்மா. அதில் கோபம் இல்லை. கணக்கு சரிதானா என்று கேட்கும் குரல்தான்.

செய்தது என்னவென்றால், இரைப்பையில் முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு குழாயைப் போல விட்டுவிடுவது. கிரெலின் என்று ஒரு ஹார்மோன். 1999இல் ஜப்பானியர்கள் கண்டறிந்தது. பசியைத் தூண்டும் அது அதிகமாகச் சுரப்பது வெட்டி எடுக்கப்படும் அந்த மேல்பகுதியில். ஆகவே கொள்ளளவும் குறையும், பசியும் குறையும். இந்த ஆபரேஷனின் சரித்திரத்தைப் பிற்பாடுதான் படித்தேன். இது முதலில் தனி ஆபரேஷனாக யோசிக்கப்பட்டதல்ல. மிகப் பருமனானவர்களுக்குப் பெரிய ஆபரேஷன் ஒன்றை ஒரே தடவையில் செய்வது ஆபத்து என்று இரண்டாகப் பிரித்தபோது, அதன் முதல் பாதி இது. முதல் பாதியிலேயே பலருக்கு நன்றாக இளைத்துவிட்டதால் மறுபாதி வேண்டியிருக்கவில்லை. 2000க்குப் பிறகு அதுவே தனியாகப் பரவி உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. நெடுங்கவிதை ஒன்றின் முதல் பகுதி அச்சாகி, அதுவே முழுக்கவிதையாக வாசிக்கப்பட்ட மாதிரி.

உவமை தானாக வந்து விழுந்தது. தவறு தொடங்கிய இடமும் அதுதான் என்று படுகிறது. வெட்டுவதில் நமக்கெல்லாம் ஒரு பக்தி உண்டு. பத்து வரியை நான்காக்கினால் கவிதை வெளிப்படும், மிகை போனால் சாரம் தெரியும் என்று நம்பியே எழுதப் பழகியிருக்கிறோம். எனக்கு 66 கிலோ மிகை என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அதை எடுத்துவிட்டால் உள்ளேயிருந்து ஒருவன் வெளிப்படுவான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் சுறுசுறுப்பானவன், நன்றாக எழுதுகிறவன், ஆத்தூர் பஸ்ஸில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொள்ளாதவன். நான் விற்ற 40 சென்ட் உண்மையில் அவனுக்காக. எங்களூருக்குப் பக்கத்தில் தம்மம்பட்டியில் தலைமுறை தலைமுறையாக மரச்சிற்பம் செய்கிறார்கள். மரத்தைச் செதுக்குகிறவருக்கு ஒரு வசதி இருக்கிறது: செதுக்கித் தள்ளிய சிராய் மறுபடி மரத்தில் வளராது.

முதல் 14 மாதங்கள் எல்லாம் சொன்னபடி நடந்தது. ஒரு இட்லியை அரை மணி நேரம் தின்றேன். 2020 மார்ச்சில் 101 கிலோ. இன்சுலின் நின்றது, ஒரு மாத்திரை நின்றது. தெருவில் "என்னங்க இப்பிடி எளச்சிட்டீங்க, சுகர் ஜாஸ்தியா?" என்று கேட்டார்கள். சட்டைகளையெல்லாம் என் மனைவி பக்கவாட்டில் பிடித்துத் தைத்தாள். அந்த வருடம் ஒரு கவிதையும் எழுதவில்லை. எழுதத் தோன்றவில்லை; கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு 104. பிறகு 109. குடம் குடமாகத் தின்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அது முடியாது. ஆனால் அந்தச் சிறிய குழாயில் கெட்டியான சோறும் காயும்தான் தங்கித் தடுக்கும். டீயில் நனைத்த பிஸ்கட், பாயசம், ஜவ்வரிசி வடகம் இவையெல்லாம் வழுக்கிக்கொண்டு போய்விடும். நான் வேலை செய்வதோ மாவு காய்கிற இடத்தில். 113ஐத் தாண்டியதும் தராசில் ஏறுவதை நிறுத்தினேன். ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். வாராவாரம் எடையைக் குறித்து, போன் வரும்போது படிக்க வேண்டும். 103, 104, 103, 105 என்று எழுதினேன். ஏற்ற இறக்கம் இருந்தால்தான் நம்புவார்கள் என்பது கணக்கு எழுதுகிறவனுக்குத் தெரியும். விவசாயியின் கிழங்கில் அரை பாயிண்ட் கூட்டியோ குறைத்தோ எழுதாத கை அது. நேரில் வரச்சொன்ன தேதிகளுக்குப் போகவில்லை. மனைவி கேட்டாலும் 105 என்றேன்.

நண்பர்கள் இருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் மனக்கட்டுப்பாடு என்றார். இன்னொருவர், பருமன் என்பதே சமூகம் உடலின்மேல் எழுதும் தீர்ப்பு, அதை நிராகரியுங்கள் என்றார். முதலாமவர் சொன்னபடி நான் குற்றவாளி. இரண்டாமவர் சொன்னபடி நான் தியாகி. இரண்டிலும் நான் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ராத்திரியில் மூச்சு நிற்பது சமூகத்தின் தீர்ப்பு அல்லவே.

படிக்க ஆரம்பித்தேன். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு அரைப்பட்டினி போட்டார். ஆறு மாதத்தில் எடையில் கால்வாசி போயிற்று. உடம்பு தன் செலவைச் சுருக்கிக்கொண்டது. நினைப்பு முழுவதும் சாப்பாடாயிற்று. பட்டினி முடிந்தபின் வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. அவர்கள் யாரும் மனக்கட்டுப்பாடு இல்லாதவர்கள் அல்ல. யுத்த காலத்தில் யுத்தத்தை மறுத்தவர்கள். இளைப்பதை உடம்பு பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது, பஞ்சம் தீர்ந்ததும் இழந்ததை மீட்கப் பார்க்கிறது. இதே கீஸ்தான் 1972இல், எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் சூத்திரத்துக்கு உடல் நிறைக் குறியீடு என்று பெயர் வைத்தார். சூத்திரம் அவருடையதல்ல. 1830களில் பெல்ஜியத்து வானசாஸ்திரி கெட்லே, 'சராசரி மனிதன்' என்று ஒருவனைத் தேடியபோது எழுதியது. என்னுடைய 66 கிலோ மிகையும் அந்தச் சூத்திரத்தின் வழியாக வந்ததுதான். எனக்குள்ளிருந்து வெளிப்படுவான் என்று நான் காத்திருந்தவன் இந்தச் சராசரி மனிதனாக இருக்கலாம்.

ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2007இல் வெளியான கணக்கின்படி, முதல் ஓரிரு வருடங்களில் எடை மிகக் குறைவாக இருந்தது. பிறகு ஏறி, எட்டுப் பத்து வருடங்களில் ஓரிடத்தில் நின்றது. 15 வருடங்களுக்குப் பிறகு, ஆபரேஷனின் வகையைப் பொறுத்து, ஆரம்ப எடையில் சராசரியாக 13 முதல் 27 சதவீதம் வரை குறைவு. ஆபரேஷன் செய்துகொள்ளாதவர்களோடு ஒப்பிட இவர்களில் இறந்தவர்களும் குறைவு. அவை எனக்குச் செய்ததற்கு முந்திய வகைகள், ஆனால் கோடு வளைகிற விதம் எனக்குப் பழக்கமானது. என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மிகை எடையில் பாதி போனால் வெற்றி என்பது டாக்டர்களிடையே நெடுநாள் வழக்கம். 2020இல் எனக்கு 56 சதவீதம் போயிருந்தது: வெற்றி. இப்போது 32: தோல்வி. ஆரம்ப எடையிலிருந்து பார்த்தால் 15 சதவீதம் குறைந்திருக்கிறேன். எந்த இடத்திலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே உடம்பு ஜெயிக்கவும் தோற்கவும் செய்கிறது.

இது ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. உடம்பு தன் குணப்படி நடந்துகொண்டது, சரி. பொய் எழுதியது உடம்பு அல்ல. நோட்டில் 105 என்று எழுதிய விரலுக்கு கிரெலினைக் காரணம் காட்ட முடியாது. எடை கூடியதற்கு நான் எவ்வளவு பொறுப்பு என்பதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் இருக்கலாம். அதை மறைத்ததற்கு முழுப்பொறுப்பு என்னுடையது. ஏமாற்றம் என்ற தமிழ் வார்த்தையில் ஏமாறுவதும் ஏமாற்றுவதும் ஒன்றாகவே குடியிருக்கின்றன. எனக்கு இரண்டும் நேர்ந்தன.

ஒருநாள் காலையில் சட்டையை மாட்டும்போது பக்கவாட்டில் பழைய ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிந்தன. தையல் பிரிக்கப்பட்டிருந்தது. மற்றச் சட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பிரித்திருந்தது, சிலவற்றில் ஒரு தடவை, சிலவற்றில் இரண்டு தடவை. 105 என்று நான் சொல்லிக்கொண்டிருந்த காலம் முழுவதும் என் மனைவி துணியில் சரியான கணக்கை எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். அடுப்படிக்குப் போய், "ஏன் சொல்லலை?" என்றேன்.

"எனக்குத் தெரியுங்க. மூச்சு நிக்குதான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நிக்கல. அதனால கேக்கல" என்றாள். கொஞ்சம் கழித்து, "நாலு வருசமா ராத்திரி நல்லாத் தூங்கறேன். மறுபடி நின்னா சொல்லுவேன்" என்றாள்.

இதைக் கதையின் முடிவாக வைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் முடிவு அல்ல. எடை இன்னும் ஏறினால் மூச்சு மறுபடி நிற்கலாம், சர்க்கரையும் திரும்பலாம். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் திட்டவில்லை. "வராம இருந்ததுதான் தப்பு" என்று மட்டும் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள், இரும்புச்சத்தும் பி12உம் குறைவு. அந்த மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியவன் நான், அவற்றையும் விட்டிருந்தேன். இன்னொரு ஆபரேஷன் செய்யலாம் என்றார். வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் புதிய ஊசிகள் 2025இல் இந்தியாவுக்கு வந்துவிட்டன, அதையும் யோசிக்கலாம் என்றார். நிறுத்தினால் எடை திரும்புவது அதிலும் உண்டு என்பதையும் சொன்னார். இன்னும் முடிவு செய்யவில்லை. சாயங்காலங்களில் சுவேத நதிக்கரை வரை நடக்கிறேன். நதியில் வருடத்தில் பாதி நாள் மணல்தான். இளைப்பதற்கு அந்த நடை போதாது என்பது தெரியும், முழங்காலுக்கு நல்லது.

கணக்குப் புத்தகத்தில் தவறாக எழுதியதை அழிக்கக்கூடாது. படிக்கும்படியாக ஒற்றைக்கோடு இழுத்து, மேலே சரியான தொகையை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். அந்த நோட்டில் இரண்டு வருடப் பதிவுகளுக்கும் கோடு இழுத்தேன். மேலே எழுதுவதற்குச் சரியான எண்கள் என்னிடம் இல்லை. கடைசி வரியில் மட்டும் 117 என்று எழுதி ஒப்பம் வைத்தேன்.

நான் விற்ற 40 சென்ட்டில் வேறொருவர் குச்சி நட்டிருக்கிறார். போன மாசியில் அந்தக் கிழங்கு எங்கள் மில்லுக்கு வந்தது. 27 பாயிண்ட். சீட்டு எழுதிக் கொடுத்தேன்.