ரெண்டு ரூபாய் வில்லை

கோத்தகிரி இறக்கத்தில் முன் சக்கரம் கீச்சிட ஆரம்பித்தது. மே மாதம். ஏறக் குன்னூர் வழி, இறங்கக் கோத்தகிரி வழி என்று போலீசார் ஒருவழியாக்கியிருந்தார்கள். பின்னால் வண்டி வரிசை; ஒதுங்க இடமில்லை. மேட்டுப்பாளையத்து நண்பருக்குப் போன் போட்டேன். “ஒரு பெரியவர் இருக்கார், நேரா அங்க போயிரு” என்றார்.

தகரக் கூரை, வேப்பமர நிழல். பெரியவருக்கு அறுபது தாண்டியிருக்கும். நான் சத்தத்தை விவரித்துக்கொண்டிருக்க, அவர் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். அளவு இறங்கியிருந்தது. சக்கரங்களை எட்டிப் பார்த்தார். “எங்கியும் ஒழுகலீங்க தம்பி. பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளிய வரும், அந்த எடத்துக்கு ஆயில் போயிரும்.”

சக்கரம் கழன்றது. வெளிப்பக்கப் பேடு நன்றாகவே இருந்தது. நான் நிம்மதியானேன், அவர் ஆகவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்தார். இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒட்டியது. சேர்ந்து ஏறக்குறைய 3 மி.மீ. புதுப் பேடில் உராயும் பகுதி 10 மி.மீ. அளவுக்கு இருக்கும், 3க்கு வந்தால் மாற்ற வேண்டும். வில்லையை உள்பக்கப் பேடோடு ஒட்டிப் பிடித்தார். காசுதான் தடிமனாக இருந்தது. காலிப்பர் நகர்கிற ‘பின்’ இறுகிப்போனதால் பிஸ்டன் பக்கத்துப் பேடு மட்டும் தேய்ந்திருக்கிறது. கத்தியது அதிலுள்ள சின்னத் தகடு. பேடு தீரும்போது டிஸ்க்கில் உரசிக் கத்தட்டும் என்றே வைத்தது.

பன்னிரண்டு வயதில் லாரிப் பட்டறைக்கு வந்தவராம். தேய்ந்த லைனிங்கைப் பெயர்த்துவிட்டுப் புதியதை ஷூவில் ரிவெட் அடிப்பது வேலை. டிரம்மைக் கழற்றியதும் ஏர் பிடித்துத் தூசியை ஊதுவார்கள். “மூஞ்சியெல்லாம் மாவு மில்லுக்காரனாட்டம் ஆயிருமுங்க. ஒருத்தர ஒருத்தர் பாத்துச் சிரிப்போம்.” அன்றைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. மூச்சோடு போனால் பல பத்தாண்டு கழித்தும் நுரையீரலில் புற்றுநோயாக எழக்கூடியது. அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது அவர் ஊதுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறார்.

பின்னைக் கழற்றிக் கிரீஸ் வைத்ததெல்லாம் மளமளவென்று நடந்தது, எனக்குப் பிடிபடவில்லை. பேடு வாங்கியதுதான் பாடம். ஓரத்தில் அச்சிட்ட குறியில் இரண்டு எழுத்தைக் காட்டினார். முதலாவது சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பு, அடுத்தது நன்றாகச் சூடேறிய பின் உள்ளது. ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘இ’ அதற்குக் கீழே. “மலைக்குப் போறவங்க ரெண்டாவது எழுத்தப் பாக்கோணும். ஆனா எத்தன நாள் உழைக்கும்னு அது சொல்லாதுங்க.” செராமிக் சத்தமும் தூசியும் குறைவு, விலை கூடுதல். உலோகத்தூள் கலந்தது சூடு தாங்கும், டிஸ்க்கைக் கொஞ்சம் தின்னும். எதுவானாலும் இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

போன மாதம் சர்வீஸ் விட்ட இடத்தில் ‘பிரேக் சரி’ என்று டிக் அடித்துக் கொடுத்த தாள் டேஷ்போர்டிலேயே கிடந்தது. வெளிப்பக்கத்தை மட்டும் எட்டிப் பார்த்திருப்பார்கள். பேடுப் பெட்டி விற்றால் கமிஷன், போலிப் பெட்டி விற்றால் கூடுதல் கமிஷன். குனிந்து உள்ளே பார்ப்பதற்கு யாரும் எதுவும் தருவதில்லை. அதனால் யாரும் குனிவதில்லை. நடுவில் நிற்கிறவன் கொழுக்கிற தொழிலில் உயிர்தான் மலிவு.

மிதியைப் பலமுறை அழுத்திக் கெட்டியாக்கிய பிறகே சாவியைத் தந்தார். “இருநூறு கிலோமீட்டர் வரைக்கும் அழுத்திப் புடிக்காதீங்க. எறக்கத்துல ரெண்டாவது கியர்.” மாட்டிய கூலியை மட்டும் சொன்னார்.

“பாத்ததுக்கு?” என்றேன்.

“பாத்ததுக்கு என்னங்க காசு?” வில்லையைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவரும் அப்படித்தான் நினைக்கிறார்.