அஞ்சு டிகிரி

பேப்பர் வந்ததும் அப்பா முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டம். டெல்டாவில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. இருந்தாலும் 120 அடியைத் தொட்டுவிட்டால், "கிளம்பு கண்ணு!" என்று சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பார். இந்த முறையும் அப்படித்தான் சேலத்தில் பஸ் ஏறினோம்.

இறங்கும்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மூட்டுத் தேய்மானம். உட்பக்கம்தான் வலி.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆபீஸ் டீ டைமில் அரைகுறையாகப் படித்ததை எடுத்து விட்டேன்.

"பாதத்தைக் கொஞ்சம் உள்பக்கமா திருப்பி வச்சு நடங்கப்பா. வலி குறையுமாம். அமெரிக்காவுல கண்டுபிடிச்சிருக்காங்க."

அமெரிக்கா என்றால் அப்பாவுக்குத் தனி மரியாதை. அணைப் பூங்காவில் புதுப்பெண் மாதிரி அடி மேல் அடி வைத்தார். மீன் வறுவல் வாசனை இழுத்தது. சாமி கும்பிடாமல் மீனா? மனுஷர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1934-ல் கட்டி முடித்த அணை, 5,300 அடி நீளம். "இந்த நீட்டத்துக்கு மூச்சு வாங்காம நடந்தவன்டா நானு" என்றார். முனியப்பன் கோயில் கண்ணில் படும்போது உட்கார்ந்தே விட்டார். என் யோசனையாலா, நடந்த தூரத்தாலா தெரியவில்லை.

"நீ போய் உடைச்சுட்டு வா. நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன்." தேங்காய் என் கைக்கு வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் உடைக்காத முதல் தேங்காய்!

ராத்திரி முழுசாகப் படித்தேன். 2025-ல் 'லான்செட் ருமட்டாலஜி' இதழில் வந்த ஆய்வு. யூட்டா, நியூயார்க், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக்காரர்கள் செய்தது. உட்பக்க மூட்டுத் தேய்மானம் உள்ள 68 பேர். ஒவ்வொருவரையும் டிரெட்மில்லில் நடக்கவிட்டு, கேமரா வைத்து அளந்து, உள்ளேயா வெளியேயா, 5 டிகிரியா 10 டிகிரியா, எது அவர் மூட்டின் பளுவைக் குறைக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். எந்தத் திருப்பமும் உதவாதவர்களைச் சேர்க்கவே இல்லை. பாதிப் பேருக்குத் திருப்பம், மீதிப் பேருக்குப் பழைய நடையே. ஒரு வருஷம் கழித்து, திருப்பியவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. குருத்தெலும்பு கெடும் வேகமும் ஸ்கேனில் குறைவு. தப்பான பக்கம் திருப்பினால் பளு கூடிவிடும். அதைத்தான் நான் படிக்காமல் விட்டிருந்தேன்!

காலையில் அசடு வழிய அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப எனக்கு வெளிப்பக்கமா இருக்குமோ?"

"இருக்கலாம். எதுவுமே ஒத்துவராமலும் போகலாம். அளக்காம தெரியாதுப்பா."

அப்பா பேப்பரைத் தட்டிக் காட்டினார். "அணைத் தண்ணியவே தினம் அளந்து போடறான். எங்காலை அளக்காமயே நீ எப்பட்றா திருப்பச் சொன்ன?"

திங்கட்கிழமை எலும்பு டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன்.