உணவகம் புதிதாகலாம், உபசரிப்பு?

சென்னை கதீட்ரல் சாலையிலுள்ள செம்மொழிப் பூங்காவைப் பார்த்திருப்பீர்கள். 2010-இல் திறக்கப்பட்ட அழகிய பூங்கா. ஆயினும் அங்கே செல்லும்போதெல்லாம், 2008 வரை அவ்விடத்தில் இயங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தையே என் கண்கள் தேடுகின்றன.

மரநிழலில், காரில் அமர்ந்தபடியே சிற்றுண்டி அருந்துவது 1962-இல் பெரும் புதுமை. எனவே புதுமையை நான் பழிக்கவில்லை. ஒரு காபியுடன் நெடுநேரம் உரையாடியிருந்த எங்களை எவரும் எழுப்பிவிடவில்லையே, அந்தப் பண்பைத்தான் சொல்கிறேன்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பழைய உணவகங்களைப் புதுப்பிப்போரே! குளிர்சாதனம் வரட்டும், பளிங்குத் தரையும் வரட்டும். உண்டு முடிக்குமுன் பில்லை நீட்டும் அவசரம் மட்டும் வேண்டாம். கட்டடத்தைப் பணம் புதுப்பித்துவிடும். விருந்தோம்பலை மனிதர்தாம் காக்க வேண்டும்.